படிவம் இல்லாமல் வருபவர்

கேள்வி: எங்கள் பகுதியில் குடியமர்த்தப்பட்ட ஓர் அகதிக் குடும்பத்தோடு பழகித் துணையாக இருக்க, ஒரு தன்னார்வ அமைப்பில் பெயர் கொடுத்தேன். அம்மா, 13 வயது மகள், 7 வயது மகன். கணவர் வேறொரு நாட்டில் அனுமதிக்காகக் காத்திருக்கிறார். நான்கு மாதமாக வாரம் ஒரு முறை போகிறேன். மகள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஒருநாள், "அங்கிருந்து எப்படித் தப்பி வந்தீர்கள்?" என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தேதிவாரியாக மளமளவென்று ஒப்பிக்க ஆரம்பித்தார். மகள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு எதைப் பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் போனவுடன் கடிதக் கட்டை எடுத்து நீட்டுகிறார். போன வாரம் கடனாகப் பணம் கேட்டார். அமைப்பின் விதிப்படி கொடுக்கக்கூடாது. நான் ஆசையாக ஏற்பாடு செய்த ஒருநாள் சுற்றுலாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, தன் நாட்டுக்காரர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் தோழியா, குமாஸ்தாவா, கடன் கொடுப்பவளா? விலகிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விலக வேண்டாம். இப்படிக் குடும்பங்களோடு பழகப் போகும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் தடுமாறும்போது உட்கார்ந்து பேசுவதும்தான் என் வேலை. நான்கைந்து மாதம் ஆனதும் "நான் எதற்காகப் போகிறேன்?" என்று கேட்காத தன்னார்வலர் அபூர்வம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறவு முறிந்ததாக எதுவும் தெரியவில்லை. கடிதக் கட்டை நீட்டுகிறார், பணம் கேட்கிறார், வர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். இதெல்லாம் நம்பிக்கை இருக்கும் இடத்தில் நடப்பவை. முதல் மாதத்தில் அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டியிருப்பார், இல்லையா?

உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் அந்தக் கேள்வியைப் பார்ப்போம். அவர் "தேதிவாரியாக ஒப்பித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓர் அகதி தன் கதையை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டு வருகிறார் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. எல்லை தாண்டிப் போன நாட்டில் பெயரைப் பதியும்போது சொல்ல வேண்டும். அகதியா இல்லையா என்று முடிவு செய்யும் நேர்காணலில் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது நாட்டில் குடியமர்த்தப் பெயர் பரிந்துரைக்கப்பட்டால் ஐ.நா. அகதிகள் முகமையிடம் சொல்ல வேண்டும். பிறகு ஏற்றுக்கொள்ளும் நாட்டின் அதிகாரி வந்து, முதலிலிருந்து கேட்பார். அதற்கப்புறம் பாதுகாப்புச் சோதனை, மருத்துவப் பரிசோதனை. பெரும்பாலும் இது வருடக்கணக்கில் இழுக்கும். உலகத்தில் உள்ள அகதிகளில் ஒரு வருடத்தில் இப்படி மூன்றாவது நாட்டில் குடியமர்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த நேர்காணல்களில் கேட்பவருடைய வேலை, சொல்வதை நம்பலாமா என்று எடைபோடுவது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து, இந்த ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டை விட்டு வெளியே இருப்பவரைத்தான் 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை அகதி என்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவரிடம் அந்த அச்சத்துக்கு என்ன ஆதாரம் இருக்கும்? வாய்ச்சொல்தான். முதல் முறை சொன்ன தேதியும் மூன்றாவது முறை சொன்ன தேதியும் மாறிவிட்டால் சந்தேகம் வந்துவிடும். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வரிசை மாறாமல், தேதி தப்பாமல் சொல்லப் பழகிவிடுகிறார்கள். நீங்கள் அக்கறையோடுதான் கேட்டீர்கள். அவருக்கு அது இன்னொரு நேர்காணலாகக் கேட்டிருக்கிறது.

இங்கே வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அவர் வாரத்தில் சந்திக்கும் ஆட்களை நினைத்துப் பாருங்கள். சமூகப் பணியாளர், பள்ளிக்கூடத்து அலுவலர், மருத்துவர், வேலைவாய்ப்பு அலுவலர், வீட்டுக்காரர். எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் எல்லோர் கையிலும் ஒரு படிவம் இருக்கிறது, அவரைப் பற்றி ஏதாவது ஒன்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. படிவம் இல்லாமல் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பவர் நீங்கள் ஒருவர்தான். இந்த வேலையில் உங்களுக்கு இருக்கும் ஒரே தகுதி இதுதான், அதுவே போதும். கதை கேட்காமல், எதையும் சரிபார்க்காமல், முன்னேற்ற அறிக்கை எழுதாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒருவரை அவருக்கு எந்த அரசாங்கமும் நியமித்துக் கொடுக்க முடியாது.

சரி, அப்படியானால் எதைப் பேசுவது? இன்றைக்கு நடப்பதை. பையன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த படம், ஒழுகும் குழாய், மாடிவீட்டுச் சத்தம், நேற்று பெய்த மழை. அவருடைய மொழியில் வணக்கமும் நன்றியும் எப்படிச் சொல்வது என்று கேட்டு, தப்பும் தவறுமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் திருத்தட்டும், சிரிக்கட்டும். உங்களைப் பற்றியும் பேசுங்கள். உங்கள் முழங்கால் வலி, அலுவலகத்துத் தலைவலி, கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காத தம்பி, எதுவாக இருந்தாலும் சரி. தன்னார்வலர்கள் பலரும், "அவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் என் கஷ்டம் ஒரு கஷ்டமா" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி மூடிக்கொண்டால் அந்த வீட்டில் பிரச்சினை உள்ளவர் அவர் ஒருவர்தான் என்று ஆகிவிடும். பேசாமல் சும்மா உட்கார்ந்திருப்பதும் தப்பில்லை. சேர்ந்து துணி மடிக்கலாம், பையனோடு ஒரு விளையாட்டு விளையாடலாம்.

பழைய கதையைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவராக ஆரம்பித்தால் கேளுங்கள். ஆனால் தோண்டாதீர்கள். "அப்புறம் என்ன ஆயிற்று, அவன் என்ன செய்தான்" என்ற விசாரிப்பு வேண்டாம். "எல்லாம் சரியாகிவிடும்" என்றும் சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டது. பார், காது கொடுத்துக் கேள், உரிய உதவியோடு இணை என்ற மூன்றுதான் அதன் சாரம். நடந்ததை விலாவாரியாகப் பேச வைப்பது அதில் கட்டாயம் இல்லை, பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதுதான் கட்டாயம். கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்று நாம் நினைக்கிறோம். எல்லோருக்கும் குறைவதில்லை, சிலருக்கு அன்று ராத்திரி தூக்கம் போய்விடும்.

தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அது உங்கள் தோளுக்கு மீறிய சுமை. அன்றே அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்று தோன்றினாலும் இதேதான்.

அந்த மகள் எழுந்து போனாளே, அவளைப் பற்றி நீங்கள் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அம்மாவைவிட அவள் நினைப்புதான் அதிகம் வந்தது. அம்மா பட்டதை அவள் அம்மாவின் வாயாகவே நின்று சொல்ல வேண்டியிருந்தது. அதில் சிலதை அவள் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டிருக்கலாம். பிள்ளைகள் எந்த நாட்டிலும் பெரியவர்களைவிட வேகமாக மொழியைப் பிடித்துக்கொள்வார்கள். அதனாலேயே புலம்பெயர்ந்த வீடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை குடும்பத்தின் வெளியுறவு அமைச்சர் ஆகிவிடுகிறது. மருத்துவர் சொல்வதை அது சொல்கிறது, வாடகை பாக்கி விவரத்தை அது சொல்கிறது, தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் புகாரையும் அதுவே சொல்கிறது (அங்கே மொழிபெயர்ப்பு எவ்வளவு நேர்மையாக இருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்). வீட்டில் அம்மாவின் இடம் இறங்குகிறது, பிள்ளையின் தோளில் வயதுக்கு மீறிய பாரம் ஏறுகிறது.

அதனால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். "உட்காருங்கள், அடுத்த வாரம் வருகிறேன், பையனுக்குச் சளி எப்படி இருக்கிறது" போன்றவற்றுக்கு மகள் உதவலாம், அதுவும் அவளுக்கு விருப்பம் இருந்தால். உடம்பு, பணம், சட்டம், கணவர், பழைய கதை, இந்த ஐந்துக்கும் அவளை இழுக்கக் கூடாது. மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் பல நாடுகளில் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்து தரும், பெரும்பாலும் இலவசமாக. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும், போய் உட்கார்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பெண் மருத்துவ விஷயம் என்றால் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதே நாட்டைச் சேர்ந்த உள்ளூர்க்காரர் ஒருவர் மொழிபெயர்க்க முன்வந்தால், அவர் வரலாமா என்று அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். சின்னச் சமூகத்தில் பேச்சு பரவும். அங்கே நடந்த சண்டையில் அவர் எந்தப் பக்கம் என்பதும் நமக்குத் தெரியாது.

நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கைப்பேசிச் செயலி போதும். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். நீட்டி முழக்கிப் பேசினால் செயலி எதையாவது உளறும், அதை அவர் உங்கள் கருத்து என்று எடுத்துக்கொள்வார். யார் மொழிபெயர்த்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். "அம்மாவிடம் கேள்" என்று மகளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். புரிந்ததா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், மரியாதைக்காக. "எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டால் புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இனி கடிதக் கட்டு. குமாஸ்தா வேலை என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் அவர் இடத்தில் இருந்து பாருங்கள். உறை ஒரே மாதிரி இருக்கிறது, மேலே முத்திரை இருக்கிறது, உள்ளே இருப்பது விளம்பரமா, உதவித்தொகையை நிறுத்தும் அறிவிப்பா என்று தெரியாது. வயிற்றில் புளியைக் கரைக்கும். பலர் பயத்திலேயே பிரிக்காமல் ஒரு பையில் போட்டு வைப்பார்கள்.

அடுத்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். உறைகளை அவரே பிரிக்கட்டும். மேசையில் மூன்று குவியல்: விளம்பரம், பத்திரமாக வைக்க வேண்டியது, பதில் போட வேண்டியது. மூன்றாவது குவியலில் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசித் தேதி எங்கே இருக்கிறது என்று இருவருமாகத் தேடி, அவர் கையால் வட்டம் போடட்டும். தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தால் ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வையுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் சொல்லட்டும், மீதியை நீங்கள் தொடரலாம். இரண்டு மாதம் கழித்து உங்களுக்கு முன்பே குவியல் பிரித்து வைத்திருப்பார். பேருந்தில் போவதும் இதே கணக்குதான். முதல் தடவை கூடப் போங்கள், அடுத்த தடவை அவர் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள், அதற்கடுத்து தனியாகப் போகட்டும். ஆனால் நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். முதல் அரைமணி கடிதம், பிறகு கட்டை மூடி வைத்துவிட்டுச் சும்மா பேச்சு.

பிறந்த தேதி என்றதும் ஞாபகம் வருகிறது. அவருடைய அட்டையில் ஜனவரி 1 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சரியான பிறப்பு ஆவணம் இல்லாதவர்களுக்குப் பதிவு அலுவலகங்கள் பல இடங்களில் அந்தத் தேதியைப் போட்டுவிடுவது வழக்கம். ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும். கேக் வாங்கிக்கொண்டு போய் நிற்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடித விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வாசித்துக் காட்டலாம், தேதி தேடலாம், யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். சட்ட ஆலோசனை சொல்லாதீர்கள். பொது அறிவு என்று நாம் நினைப்பது இவர்கள் விஷயத்தில் கழுத்தை அறுத்துவிடும். ஓர் உதாரணம். கணவருக்கு ஏதோ சான்றிதழ் வேண்டும் என்று கடிதம் வருகிறது. நாமாக இருந்தால் "உங்கள் நாட்டுத் தூதரகத்தில் கேட்டால் கொடுப்பார்களே, பாஸ்போர்ட்டையும் புதுப்பித்துவிடலாமே" என்போம். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தாரோ அந்த அரசாங்கத்தின் கதவைத்தான் தட்டச் சொல்கிறோம். அங்கே இருக்கும் உறவினர்களுக்கு அதனால் தொல்லை வரலாம். அதோடு, ஒருவர் தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மறுபடி ஏற்றுக்கொண்டால் அகதிப் பாதுகாப்பு முடிவுக்கு வரலாம் என்று அதே 1951 உடன்படிக்கை சொல்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது அப்படி எடுத்துக்கொள்ளப்படக்கூடிய ஒரு செயல். "அம்மாவைப் பார்க்க ஒரு நடை ஊருக்குப் போய்விட்டு வாருங்களேன்" என்பதும் இதே ரகம்தான். வெளிநாடு போக வேண்டுமானால் அகதிகளுக்கென்று தனிப் பயண ஆவணம் உண்டு; அதையும் வழக்கறிஞரைக் கேட்காமல் தொடக்கூடாது. இப்படிக் கேள்வி வந்தால், "எனக்கு இது தெரியாது, தெரிந்தவரிடம் கேட்போம்" என்று சொல்வதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

பணம். கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் குடும்பங்களில் பல, வந்து இறங்கும்போதே கடனோடுதான் இறங்குகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் விமானப் பயணச் செலவையே கடனாகக் கொடுத்துப் பிறகு தவணையில் வாங்கும் ஏற்பாடு உண்டு. இன்னொரு பக்கம், அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்கள் "நீ கரையேறிவிட்டாய், எங்களைப் பார்" என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கையில் இருப்பதில் பாதி அங்கே போகும். உதவித்தொகையில் வாழ்கிறவருக்கு எதற்கு இவ்வளவு நல்ல கைப்பேசி என்று சிலர் முணுமுணுப்பது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கணவரின் முகம், அகராதி, வழிகாட்டும் வரைபடம், ஊர்ச் செய்தி எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

ஆனாலும் கொடுக்க வேண்டாம். விதி இருப்பதற்காக மட்டும் இல்லை. கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க முடியாதபோது உங்களைத் தவிர்க்க ஆரம்பிப்பார். ஒரு தோழியை அந்தத் தொகைக்கு இழந்துவிடுவார். "இந்த ஒரு தடவை மட்டும்" என்று ரகசியமாகக் கொடுப்பது அதைவிட மோசம். அடுத்து வரும் தன்னார்வலர் விதியைச் சொல்லும்போது அவர் கெட்டவர் ஆகிவிடுவார். செயலியிலேயே எழுதிக் காட்டுங்கள், மகள் வழியாக வேண்டாம்: "பணம் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. எதற்குத் தேவை என்று சொன்னால் சேர்ந்து வழி பார்க்கலாம்." மின்கட்டண பாக்கியா, பள்ளிச் செலவா, அங்கே அனுப்பவா என்று தெரிந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டுபோகலாம். தவணை கேட்கலாம், அவசர நிதி இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

பணம் கொடுப்பதைவிட உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது வாங்கிக்கொள்வது. அவர் உங்களுக்கென்று ஏதாவது சமைத்து வைத்தால் "ஐயோ, எதற்கு சிரமம்" என்று தள்ளாதீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். வந்த நாளிலிருந்து அவர் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறார். பழைய துணிக்கு நன்றி, மேசைக்கு நன்றி, கையெழுத்துக்கு நன்றி. நன்றிக்கடன் தலைக்கு மேல் ஏறிய மனிதரால் யாரோடும் சரிசமமாகப் பழக முடியாது. அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண்மணி, வாரக்கணக்கில் தலையாட்டலைத் தவிர வேறு பதில் வராத ஒரு வீட்டுக்குத் தன் மகளுடைய சட்டையைக் கொண்டுபோனார், தையல் பிரிந்திருந்தது. அந்த வீட்டம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பழைய தையலைப் பார்த்து உச்சுக்கொட்டினார், ஊசி எடுத்து இருந்த தையலையும் முழுக்கப் பிரித்தார். பிறகு முதலிலிருந்து தைத்துக் கொடுத்துவிட்டு, "இப்படித்தான் தைக்கணும்" என்று சைகையிலேயே அதட்டினாராம். அவர் ஊரில் தையல் ஆசிரியையாக இருந்தவர் என்பது எந்தப் படிவத்திலும் பதிவாகி இருக்கவில்லை. உங்கள் தோழிக்கு என்ன கைவந்த கலை என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அது இல்லை.

சுற்றுலா விஷயம். வருத்தம் நியாயம்தான். ஆனால் அவர் தன் நாட்டுக்காரர்கள் வீட்டுக்குப் போனது உங்களுக்கு எதிரான ஓட்டு இல்லை. ஆலஸ்டர் ஏகர், ஆலிசன் ஸ்ட்ராங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அகதிகள் புதிய இடத்தில் எப்படி வேர்பிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் மனிதத் தொடர்புகளை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னைப் போன்றவர்களோடு இருக்கும் பிணைப்பு, உள்ளூர் மக்களோடு உண்டாகும் பாலம், அரசு, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றோடு ஏற்படும் இணைப்பு. மூன்றும் வேண்டும், ஒன்று இன்னொன்றின் இடத்தை நிரப்பாது. நீங்கள் இரண்டாவது வகை. முதல் வகையோடு போட்டி போட்டால் தோற்றுப்போவீர்கள், தோற்கவும் வேண்டும். வாரம் முழுக்க அரைகுறை மொழியில் திக்கித் திணறிய மனிதருக்கு, ஒருநாளாவது தன் மொழியில் சண்டை போடவும் ஜோக் அடிக்கவும் ஆள் வேண்டாமா? இன்னொன்று, அந்தச் சுற்றுலாவை யார் தீர்மானித்தது? இடம், நாள், நேரம் எல்லாம் நீங்களே முடிவு செய்து அழைத்திருந்தால், அடுத்த தடவை "எங்கே போகலாம்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். பதில் "எங்கேயும் வேண்டாம்" என்று வந்தால் அதுவும் பதில்தான்.

கணவர் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த வீட்டின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது அவர்தான். வந்த புதிதில் தப்பித்தோம் என்ற நிம்மதி இருக்கும். சில மாதம் ஆனதும் அது வடிந்து, யார் யார் இங்கே இல்லை என்பது உறைக்க ஆரம்பிக்கும். உங்கள் குடும்பம் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கலாம். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப நல சிகிச்சையாளர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்து, முடிவு தெரியாத இழப்பு என்ற கருத்தை முன்வைத்தார். செத்துப்போனவருக்கு அழுது தீர்க்கலாம். இருக்கிறார் ஆனால் கூட இல்லை என்றால் அழவும் முடியாது, ஆறவும் முடியாது. நீங்கள் போன நாளில் அந்த அம்மாவின் முகம் இறுகிக் கிடந்தால், காலையில் அங்கிருந்து ஏதோ செய்தி வந்திருக்கும். கணவருடைய பெயரைத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி நலம் விசாரியுங்கள். "எப்போது வருகிறார்?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவருக்கே தெரியாது. அப்புறம், அவர்களோடு எடுத்த படங்களைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம், முகத்தை மறைத்தும் வேண்டாம். அந்தக் குடும்பம் இருக்கும் இடம் அவர்கள் ஊரில் யாருக்குத் தெரியக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக உங்களைப் பற்றி. தோழி, குமாஸ்தா, கடன் என்று எல்லாவற்றையும் தனியாளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். கனடாவில் 1979, 1980-இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து சுமார் 60,000 அகதிகள் வந்தபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொறுப்பேற்றவை சாதாரண மக்கள் சேர்ந்த குழுக்கள்தான். அதை ஒட்டித்தான் 1986-இல் ஐ.நா. அகதிகள் முகமை அகதிகளுக்காக உழைத்தவர்களுக்குத் தரும் தன் நான்சென் பதக்கத்தை அந்த நாட்டு மக்களுக்கே கொடுத்தது. குழு என்பதுதான் முக்கியம். அங்கே அமைப்பு எதுவும் பின்னால் இல்லாமல் தனியார் பொறுப்பேற்க வேண்டுமானால் குறைந்தது 5 பேர் சேர வேண்டும் என்று விதி வைத்தார்கள். உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் போய், கடிதத்துக்கு ஒருவர், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு ஒருவர் என்று இன்னும் இரண்டு பேரைக் கேளுங்கள். மாதம் ஒரு முறை தன்னார்வலர்கள் கூடிப் பேசும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த வீட்டில் கேட்டதை வெளியே சொல்ல முடியாது, உள்ளேயும் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு அந்த இடம் வேண்டும்.

உங்கள் அமைப்பு எத்தனை மாதத்துக்கு உங்களை இணைத்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த மாதிரித் திட்டங்கள் பல ஒரு வருடம் நடக்கும். முடிவுத் தேதி இருந்தால் அதை அந்த அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், நாட்காட்டியில் காட்டுங்கள். ஒரு வாரம் வர முடியாவிட்டால் முந்தின நாளே தகவல் அனுப்புங்கள். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போன ஆட்கள் அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். திட்டம் முடிந்த பிறகும் தொடர்ந்து பழகுவதா என்பது நீங்கள் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அப்போது அமைப்பின் விதி கிடையாது, வாரக் கணக்கும் கிடையாது. அவர் உங்களை "இந்த மாதம் வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடவும் செய்யலாம். தள்ளிப்போட்டால் வருத்தப்படாதீர்கள். நம் மற்ற தோழிகளும் அப்படித்தானே செய்கிறார்கள்.